கையில் ஏறிய கட்டிகள்

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிந்தும் விடவில்லை. மார்கழி பிறந்து வெயில் முகம் காட்டிய பிறகுதான் வியாகுலமேரி அரிவாளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அங்கே மூன்று ரோஜாச் செடிகள் அவள் இடுப்புக்கு மேல் வளர்ந்து, திசைக்கொன்றாகக் கிளை நீட்டிக்கொண்டு நின்றன. திருச்சியிலிருந்து ஆவூருக்கு மாற்றலாகி வந்த கோவில் சாமியார், நடுவதற்குப் போத்தாக வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தவை. இளஞ்சிவப்புப் பூ, வாசலுக்கு வரும்போதே மணக்கும். ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடுகிற ஜாதி இல்லை. பூவை நீளக் காம்போடு நறுக்கிவிட்டால் அதற்குக் கீழே கணுவில் துளிர் கிளம்பி, கொஞ்ச நாளில் அதன் நுனியிலும் மொட்டு வந்து நிற்கும். வருஷம் முழுக்க மாதா பீடத்துக்கு இந்தச் செடிகளில் இருந்துதான் பூ போனது.

காய்ந்த கொம்புகளையும் உள்பக்கம் பார்த்து வளர்ந்த சிம்புகளையும் கழித்தாள். தூரைச் சுற்றிக் கிளறி, மக்கின சாணியைப் போட்டு, மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்துக் கிடந்த பழைய வைக்கோலை அள்ளி மேலே பரப்பினாள். அள்ளும்போது வலது ஆள்காட்டி விரலில் ஒரு முள் ஏறி உள்ளேயே முறிந்தது. ஊசியால் கிளறி எடுத்துவிட்டு மஞ்சளைக் குழைத்து வைத்தாள். ரோஜா வளர்க்கிறவளுக்கு முள் குத்துவது ஒரு சேதியா? மறந்துபோனாள்.

பொங்கல் கழிந்து, முள் குத்தின இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி எழும்பியது. பழுத்து உடைந்தது, ஆனால் ஆறவில்லை. ஓரம் தடித்து, ஊதா நிறத்தில் அப்படியே நின்றது. பிறகு புறங்கையில் ஒன்று. அப்புறம் மணிக்கட்டில். யாரோ கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவதுபோல் ஒரே வரிசையாக முழங்கையைப் பார்த்து ஏறின. காய்ச்சல் இல்லை. பெரிய வலியும் இல்லை. அந்த வலி இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஆவூருக்கு அவள் கல்யாணமாகி வந்த புதிதில் கோவில் மணி அடித்துக்கொண்டிருந்தவன் செபமாலை. அவனுக்கு முதலில் முதுகில் ஒரு தேமல் வந்தது என்றார்கள். அப்புறம் காதும் புருவமும் தடித்தன. விரல்கள் மடங்கிப்போயின. இப்போது கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசையில் தனியாக இருக்கிறான். அவன் பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. அவன் சட்டியில் சோறு வைப்பவர்கள் தூரத்திலிருந்து குரல் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். வியாகுலமேரியும் அப்படித்தான் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தாள்.

"குளிர்தான் போயிருச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டான் அவள் புருஷன் இருதயநாதன். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்.

"எனக்கு இன்னும் குளிருதுங்க."

அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்த வேண்டும், வீட்டில் வெளிச்சம் பற்றாது என்று அன்று முதல் ராத்திரியில் பாயை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தான்.

பிள்ளைதான் பெரிய பாடாக இருந்தது. அற்புதத்துக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. அம்மா கையால் பிசைந்து ஊட்டினால்தான் சாப்பிடும், அம்மா மேல் காலைப் போட்டுக்கொண்டால்தான் தூங்கும். வியாகுலமேரி சோற்றைக் கரண்டியால் மசித்துப் புருஷனிடம் கொடுத்து, "நீங்க ஊட்டுங்க, எனக்கு அடுப்புல வேலை" என்றாள். பிள்ளைக்குத் தனிப் பாய் விரித்தாள். ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால், "போ அங்கிட்டு!" என்று கத்தினாள். அது திகைத்துப் போய் நிற்கும். உதடு பிதுங்கும். இவள் கதவுக்குப் பின்னால் போய் நின்று புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் பிள்ளை அவளிடம் வருவதை விட்டுவிட்டது.

அந்தப் பெருவியாதி வந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது, சூடு வைத்தாலும் தெரியாது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது கிணற்றடிக்குப் போய் ரோஜாக் கொம்பிலிருந்து ஒரு முள்ளை ஒடித்தாள். முதல் கட்டியில் குத்தினாள். சுருக்கென்றது. அடுத்ததிலும் தெரிந்தது. மணிக்கட்டில் குத்தினபோது தெரிந்ததா, தெரிந்த மாதிரி அவளே நினைத்துக்கொண்டாளா என்று சொல்ல முடியவில்லை. மறுபடி குத்தினாள். ரத்தம் வரும்வரை குத்தினாள். அப்போதும் நிச்சயமில்லை.

கழித்துவிட்ட செடிகள் மூன்றும் அந்த வருஷம் பேய்த்தனமாகப் பூத்தன. இந்தக் கையால் பறித்து மாதா காலடியில் எப்படி வைப்பது? பறிக்காமலே விட்டாள். பூக்கள் செடியிலேயே விரிந்து வெளுத்து, இதழ் இதழாகத் தரையில் கொட்டின. பறிக்காததால் புதுத் துளிரும் நின்றுபோனது. புருஷன் கேட்டதற்குப் பூச்சி விழுந்துவிட்டது என்று பொய் சொன்னாள்.

பால்காரி அழகம்மாள் ஒருநாள் பார்த்துவிட்டாள். பாலுக்குச் செம்பை நீட்டியபோது ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டது. அழகம்மாள் கண் அங்கேயே நின்றது.

"என்ன வாத்தியாரம்மா, கையில?"

"செரங்கு."

அழகம்மாள் செம்பைத் தொடாமல், உயரத் தூக்கிப் பாலை ஊற்றினாள். வழக்கமாக உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள், நின்ற வாக்கிலேயே போய்விட்டாள். மறுநாள் பால் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

வாசலில் யார் நடக்கிற சத்தம் கேட்டாலும் வியாகுலமேரி, ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைப்பாள். கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடிசை போட எத்தனை ஓலை வேண்டும்? அவள் அதையெல்லாம் யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் பிள்ளை தூங்கியதும் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கண்மாய்க்கரைமேல் நடந்தாள். கையில் சோற்றுச் சட்டி இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செபமாலை குடிசை நிழலில் உட்கார்ந்திருந்தான். சோற்றை வைத்தவள் திரும்பிப் போகாமல் நிற்பதைப் பார்த்து அவனே பயந்துவிட்டான்.

"என்னம்மா? ஊருல எதும் சொன்னாங்களா?"

"இல்லண்ணே. ஒங்களுக்கு... மொதல்ல எப்படி வந்துச்சு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கேள்வி அவளுக்காகத்தான் என்று புரிந்திருக்க வேண்டும். "காட்டுங்க" என்றான். அவள் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக் கிட்டப் போனாள். அவன் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தான்.

"அங்கிட்டே நில்லுங்க. கிட்ட வராதீங்க."

தூரத்திலிருந்தே பார்த்தான். "எனக்கு இப்படி வரிசையா வரல. தேமல்தான். ஆனா எனக்கு என்ன தெரியும்? இது ஆளுக்கு ஒரு மாதிரின்னு சொல்றாங்க" என்றான். பிறகு, "வாத்தியாருகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டான்.

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"நானும் சொல்லல. சட்டையப் போட்டு மூடிக்கிட்டு ரெண்டு வருஷம் மணி அடிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்குத் தெரிஞ்சிரும்னு போகல. கடைசியில தெரியாமலா போச்சு? இன்னைக்கே சொல்லிருங்கம்மா. புதுக்கோட்டைக்குப் போங்க."

அன்று சாயங்காலம் இருதயநாதன் செருப்பைக் கழற்றும்போதே அவன் முன்னால் போய் நின்று கையைக் காட்டினாள். அவன் திடுக்கிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குத் தெரியும், மேரி. நீ தூங்கறப்பப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு."

பள்ளிக்கூடத்துக்கு அவன் பாய் போன காரணம் அவளுக்கு அப்போது விளங்கியது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவன் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் கோபப்படத் தெம்பில்லாமல் போயிற்று.

யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய பஸ், மேட்டில் எல்லாம் நின்று நின்று புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தது. வழி நெடுக வியாகுலமேரி கையைப் புடவைக்குள் வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த கிழவி ஆடி ஆடி அவள்மேல் சாய்ந்து தூங்கினாள். கிழவிக்குத் தெரிந்தால் எழுந்து கூச்சல் போடுவாளே என்று நினைத்து வியாகுலமேரி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். மூக்குக்கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரி. அவள் வியாகுலமேரியின் கையை இழுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டியாக விரலால் அமுக்கிப் பார்த்தாள். எத்தனையோ நாளாக வேறு யாருமே தொடாத கை. வியாகுலமேரி அழ ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் அங்கங்கே தடவி, தெரிகிறதா என்று கேட்டாள். காது மடலில் லேசாகக் கீறிக் கண்ணாடித் தகட்டில் தடவி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். புருஷனும் பெண்சாதியும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். இருதயநாதன் ஜெபமாலையை உருட்டினான். உதடு அசைந்தது, ஆனால் மணி நகரவில்லை.

டாக்டர் திரும்பி வந்து, "அந்தக் கிருமி எதுவும் தெரியல" என்றாள். "நீ என்ன வேலை செய்றே? முள்ளு கிள்ளு குத்துச்சா?"

"ரோஜாச் செடி வளக்குறேங்க. வைக்கோல் போடறப்பக் குத்துச்சு."

"வைக்கோல் நனைஞ்சதா?"

"பூஞ்சணம் பிடிச்சிருந்துச்சுங்க."

டாக்டர் தலையை ஆட்டினாள். "மெட்ராஸ்ல ஒரு தோட்டக்காரனுக்குப் பாத்திருக்கேன். அந்தப் பூஞ்சணம் முள்ளு வழியா தோலுக்குள்ள போயி இப்படி வரிசையா ஏறும். பெருவியாதி இல்ல. ஆனா அதுதான்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். சொட்டு மருந்து தர்றேன், பாலில விட்டுக் குடி. இந்த மருந்துக்குக் கேட்டுச்சுன்னா நான் சொன்னதுதான்."

"கேக்கலேன்னா?"

"மறுபடி வா, பாப்போம்."

"புள்ளையத் தூக்கலாங்களா?"

"தாராளமாத் தூக்கு."

ஆனாலும் அவள் தூக்கவில்லை. மருந்துக்குக் கேட்கட்டும் என்று இருந்தாள். அழகம்மாள் நின்றுவிட்டதால் பால் கீரனூரிலிருந்து வரவேண்டியிருந்தது. மருந்து நாக்கில் தகரத்தை வைத்த மாதிரி கசந்தது. மூக்கு ஒழுகியது, எச்சில் ஊறியது. குடிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே முழங்கைக்குக் கீழே இருந்த கட்டி உடைந்தது. அன்று முழுக்க அவள் அடுப்பு மூட்டவில்லை. டாக்டர் சொன்னது தப்பு, காது மடலில் கீறினது தப்பு, தன் விதி இதுதான் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இருதயநாதன் பள்ளிக்கூடத்திலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் விரித்துப் படுத்தான். அவனுக்குப் பயம் தெளியவில்லை என்பது அவன் விறைத்துக் கிடந்த விதத்திலேயே தெரிந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

மாசி கடைசியில் மணிக்கட்டுக் கட்டி சுருங்கியது. பிறகு ஒவ்வொன்றாக அமுங்கி, தழும்பு மட்டும் நின்றது. கிணற்றடி வைக்கோலை அவள் ஒரு குச்சியால் தள்ளிக் கொளுத்தினாள். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு உதிர்ந்த பூக்களின் காம்புகளை நறுக்கிவிட்டாள். அழகம்மாள் மறுபடி பால் கொண்டுவந்தாள். செம்பைத் தொட்டு வாங்கினாள், ஆனால் உட்காரவில்லை. பெருவியாதிக்கு ஆஸ்பத்திரியில் வாராவாரம் ஊசி போடுகிறார்களாம் என்று வியாகுலமேரி செபமாலையிடம் போய்ச் சொன்னாள். "என்னைய எந்த பஸ்ஸுல ஏத்துவாங்க?" என்றான் அவன். அவனை ஏற்றிப் போகச் சாமியாரிடம் மாட்டுவண்டி கேட்டிருக்கிறான் இருதயநாதன். இன்னும் பதில் இல்லை.

அற்புதம் மட்டும் அவளிடம் வரவில்லை. "அம்மாகிட்ட வா தங்கம்" என்று கையை நீட்டினால் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், "அப்பா ஊட்டு" என்றது. அவள் வற்புறுத்தவில்லை. தட்டை அவனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

பங்குனியில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். இருதயநாதன் சாப்பாட்டுக்கு வர நேரமாகிவிட்டது. வியாகுலமேரி ரசஞ்சோறு பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குப் பசி. வாசலைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது. அப்புறம் அவள் கையைப் பார்த்தபடி கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு வாயைத் திறந்தது.

அவள் எழுந்தால் ஓடிவிடும் என்று உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் ஒரு வாய் வைத்தாள். எட்டி நீட்டியதில் பாதிச் சோறு பிள்ளையின் கன்னத்திலும் சட்டையிலும் ஒழுகியது. அது மென்று விழுங்கிவிட்டு, "இன்னும்" என்றது.