பொய்விடியல்

புதன் கிரகத்துச் சுரங்கத்தில் தங்கைக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து வயிறெரிந்துகொண்டிருப்பவளும் அவள்தான். பன்னிரண்டு வருஷமாக டிரில் ஓட்டுகிறாள்; நல்லா ஓட்டுறே என்று ஒருத்தர் வாய் திறந்ததில்லை. துருவத்துப் பனிக்குழியில் வேலை பழகிவிட்டு நேற்று வந்த சின்னவள் ஒரு துளை போட்டால் போதும், சாப்பாட்டுக்கூடமே அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறது. அப்படி என்னத்தைக் கிழித்துவிட்டாளாம்?

இந்த லட்சணத்தில் மேஸ்திரியும் பூமிக்குத் திரும்புகிறார். அவர் இடத்துக்கு அக்கா, தங்கை இருவர் பெயரும்தான் அடிபட்டன. இந்த வாரத் துளையை யார் ஒழுங்காக முடிக்கிறார்களோ அவர்களே அடுத்த மேஸ்திரி என்று சொல்லிவிட்டார். கூடவே பெரியவளைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சிக்குப் பொய்விடியலைப் பத்திச் சொல்லிடும்மா. அவ இருந்த குழியில சூரியன் எட்டிக்கூடப் பார்த்ததில்ல."

சூரியன் தலைகாட்டினால், வெந்து சாகாமலிருக்க, போட்டது போட்டபடி சுரங்கப் பாதைக்குள் ஓடிவிட வேண்டும்; அந்தக் கிரகத்தில் எல்லோருக்கும் அதுதான் சட்டம். ஆனால் இந்த இடத்தில் மட்டும் சூரியனுக்கு ஒரு குறும்பு உண்டு. விளிம்பை மட்டும் காட்டும், தயங்கும், வந்த வழியே இறங்கிவிடும். சில நாள் கழித்துத்தான் நிஜமாக உதிக்கும். பழகினவர்கள் அந்த விளிம்பைச் சட்டை பண்ணாமல் வேலையைப் பார்ப்பார்கள். பாதித் துளையில் விட்டுவிட்டுப் போனால் டிரில் முனை பாறைக்குள் இறுகிவிடும்.

பெரியவள் சொல்லவில்லை. மறந்துபோயும் அல்ல. தங்கையோடு மூன்று வேளையும் சாப்பிட்டாள், ஊர்க்கதை எல்லாம் பேசினாள், இதை மட்டும் சொல்லவில்லை.

நாலாம் நாள் மேட்டுக்குப் பின்னால் வெள்ளை விளிம்பு எழும்பியது. ஓடட்டும், ஓடி அசிங்கப்படட்டும் என்று பெரியவள் தன் குழியில் நிதானமாக டிரில்லை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வயர்லெஸ் அலறியது. "அக்கா! சூரியன் வந்துடுச்சு! அங்கேயே இரு, நான் வந்துட்டேன்!"

சின்னவளுக்குச் சுரங்கப் பாதை இரண்டு நிமிஷ தூரம்தான். அவள் வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பி, வெயில் விழுந்த மேட்டின் மேலேறி, அக்காவின் குழிக்கு வந்து சேர்ந்தாள். குதித்திறங்கிக் கையைப் பிடித்து இழுத்தாள். தலைக்கவசத்துக்குள் முகமெல்லாம் கண்ணீர்.

"பயப்படாதடி, அது தானா இறங்கிடும்." பெரியவளுக்கு வாய்தவறி வந்துவிட்டது.

சின்னவள் பிடியை விட்டாள். "உனக்குத் தெரியுமா?"

பெரியவள் டிரில்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று வேலை முடிந்ததுமே விசாரணை. சின்னவளின் டிரில் பாறைக்குள் இறுகிப்போயிருந்தது. "ஏம்மா, பொய்விடியலைப் பத்தி அக்கா சொல்லலையா?" என்று மேஸ்திரி கேட்டார்.

சின்னவள் அக்காவை ஒரு தரம் பார்த்தாள்.

"சொன்னா. நான்தான் மறந்துட்டேன்."

பெரியவளுக்குப் பதவி கிடைத்துவிட்டது. சின்னவள் போட்டுக் கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் அவளை நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அந்தச் சுகத்தைக்கூடப் பாவி அவளுக்கு விட்டுவைக்கவில்லை.