சுவருக்குள் போன நாற்பது வோல்ட்

செங்கம் ரோட்டில் அருணாதேவி நடத்தும் தங்கும் விடுதியில், மாடி அறைக்கு மட்டும் சுடுதண்ணீர் வரவில்லை. மார்கழிக் குளிர். ஹைதராபாத்திலிருந்து கிரிவலத்துக்கு வந்திருந்த தம்பதி, முகம் சுளித்துக்கொண்டே கீழே வந்து சொன்னார்கள். கீஸர் போன வாரம்தான் மாற்றியது. புதுசிலும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை.

"இதுவும் டூப்ளிகேட் போல. வேற கம்பெனி வாங்கிடலாம்" என்றார் அருணாதேவியின் கணவர் இராமலிங்கம்.

அருணாதேவிக்கு மனசு ஒப்பவில்லை. கீதாஞ்சலிக்குப் போன் போட்டாள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு சொந்தமாக வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் பெண் அவள்.

கீதாஞ்சலி வந்ததும் கீஸரைக் கழற்றப் போகவில்லை. அதை ஓடவிட்டே, கீழே மெயின் போர்டில் கையோடு கொண்டுவந்த மீட்டரை வைத்தாள். இருநூற்று முப்பது வோல்ட். மேலே கீஸர் முனையில் வைத்தாள். நூற்றுத் தொண்ணூறு. பிறகு ஒற்றை வயரைச் சுற்றி மின்னோட்டம் அளக்கும் இடுக்கி மாதிரி ஒன்றைக் கவ்வவிட்டாள். ஏழு ஆம்ப்ஸ் காட்டியது.

"நூத்தித் தொண்ணூற ஏழால வகுத்தா இருபத்தேழு ஓம். தண்ணியச் சூடாக்குற காயிலோட ரெசிஸ்டன்ஸ் சரியாத்தான் இருக்குது. கீஸர் மேல குத்தம் இல்லக்கா."

"அப்போ ஏன் சூடாகல?"

"ரெண்டாயிரம் வாட்ஸ் கீஸர் இது. நூத்தித் தொண்ணூற ஏழால பெருக்குங்க, ஆயிரத்து முந்நூத்தி முப்பதுதான் கெடைக்குது. பவர் கம்மி." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நடுவுல நாப்பது வோல்ட்டு காணாமப் போவுது. நாப்பதும் ஏழும், இருநூத்தி எம்பது வாட்ஸ். அது எங்கியோ சூடாத்தான் ஆவணும். ஒரே எடத்துலயா இருந்தா, ஈயம் உருக்குற சால்டரிங் அயர்ன் பத்த சுவத்துக்குள்ள சொருகி வெச்ச மாதிரி. மொதல்ல கீஸர ஆஃப் பண்றேன். இந்த லைன் எந்த வழியா போவுது?"

அருணாதேவி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். மாடிப்படிக்குப் பக்கத்து ஸ்டோர் ரூம் வழியாகத்தான். அங்கே சீசனுக்கென்று வாங்கிய பஞ்சு மெத்தைகளைச் சுவரோடு சுவராக அடுக்கி வைத்திருந்தாள்.

மூவரும் மெத்தைகளை இழுத்துப் போட்டார்கள். பின்னால் மறைந்திருந்த, வயர்களை இணைக்கும் ஜாயின்ட் பாக்ஸின் மூடி பழுப்பேறி நெளிந்திருந்தது. கடைசி மெத்தையின் உறையில் கருகல் வட்டம். கீதாஞ்சலி மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். உள்ளே, வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்த இடம் கரிக்கட்டையாகக் கிடந்தது.

இராமலிங்கம் கருகிய உறையைத் தடவிப் பார்த்தார். "நான் பாட்டுக்கு இன்னொரு கீஸர் மாட்டியிருப்பேனே!"

யாரும் பார்க்காத இடத்தில் மூண்டுகொண்டிருந்த நெருப்பை, சுவரைத் தொடாமலே, ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போட்டுக் கண்டுபிடித்துவிட்டாளே இந்தப் பெண்! எண்களுக்கு இப்படி ஒரு பார்வை உண்டு என்று அருணாதேவிக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. கீதாஞ்சலியின் கரி படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கள காப்பாத்திட்ட கீதா."

"மீட்டரு காட்டுச்சு, நான் கணக்கு போட்டேன். அவ்ளோதாங்கா" என்று சிரித்தாள் அவள்.

சாயங்காலத்துக்குள் நடுவில் ஒட்டே இல்லாமல் தடித்த புது வயர் இழுத்தாகிவிட்டது. இப்போது கீஸர் முனையில் இருநூற்று இருபத்தேழு வோல்ட். குழாயிலிருந்து ஆவி பறந்தது. ஹைதராபாத் அம்மா கையை நீட்டிப் பார்த்து, "அப்பா!" என்று வெடுக்கென இழுத்துக்கொண்டு சிரித்தார்.

ஏணியை மடக்கப்போன கீதாஞ்சலியை அருணாதேவி தடுத்தாள்.

"மத்த ரூமுங்களையும் அளந்துட்டுப் போ. மீட்டர நான் புடிக்கிறேன், எத எதால வகுக்கணும்னு நீ சொல்லு."