ஹேண்ட் பிரேக் போடாதீங்க

குற்றாலத்தில் சீசன் ஞாயிறன்று கார் நிறுத்துவது, அருவிக் கூட்டத்தில் தலையை நுழைப்பதைவிடக் கஷ்டம். ஐந்தருவி ரோட்டில் ஒரு தோப்பில் நாற்பது கார் நிற்க வேண்டிய இடத்தில் எழுபது நிற்கும். சூட்சுமம் ஒன்றுதான்: ஹேண்ட் பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிய வண்டிக்காக முன்வண்டியைத் தள்ளி வழிவிடுவது தோப்பைப் பார்த்துக்கொள்ளும் மணிமுத்துவின் வேலை.

கடையத்துச் சங்கிலிப்பாண்டி ஓய்வுபெற்ற எஸ்.ஐ. யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மகள் சங்கரேஸ்வரிக்கு அன்று தென்காசியில் போலீஸ் தேர்வு. ஒன்பதரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அருவியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போனால் நல்லது என்று கூட்டி வந்தவர் அவர்தான்.

நிழலான மூலையில் காரை விட்டார். அதை மறித்தாற்போல் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. புத்தி சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் விடுகிற ஆளில்லை அவர். ஓட்டி வந்தவனிடம் போனார்.

"தம்பி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டுப் போங்க. இவனுவ தள்ளுதேன்னு கீறி வச்சிருவானுவ."

குளித்துத் திரும்பும்போது எட்டே முக்கால். நாலு பேர் தள்ளியும் வெள்ளைக் கார் அசையவில்லை.

"எந்தப் பய சொல்லிப் பிரேக் போட்டானோ," என்றார் மணிமுத்து.

சங்கிலிப்பாண்டி வெள்ளைக் கார்க்காரனைத் தேடி அருவிக்கு ஓடினார். ஒருமுறை பார்த்த முகத்தை மறக்கமாட்டேன் என்பது அவருடைய நெடுநாள் பெருமை. அங்கே எண்ணெய் வழிய, துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற நூறு பேரும் ஒரே ஆளாகத் தெரிந்தார்கள்.

வந்து பார்த்தால் ஒன்பது ஐந்து. ரோட்டில் ஆட்டோக்களும் நகரவில்லை. ஹால் டிக்கெட்டோடு சங்கரேஸ்வரி அழாமல் நின்றாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"பைக்குல சந்து வழியா கொண்டு விட்டுருதேன்யா," என்றார் மணிமுத்து. "நான் வார வரைக்கும் இங்கன வண்டியளப் பாத்துக்கிடுங்க."

காரையே தொட விடக்கூடாது என்று நினைத்த ஆளின் பின்னால் மகளை ஏற்றி அனுப்பினார்.

ஒன்பது இருபத்தெட்டுக்கு மகளின் போனிலிருந்து மணிமுத்து பேசினார். "புள்ள உள்ள போயிட்டுய்யா. போனை வெளிய குடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

சற்று நேரத்தில் வெள்ளைக் கார்க்காரன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "நல்லவேளை சொன்னீங்க சார். வண்டி இம்மி அசையலை."

அடுத்த கார் உள்ளே வந்துகொண்டிருந்தது. சங்கிலிப்பாண்டி எதிரே போய்க் கையைக் காட்டினார்.

"நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க. ஹேண்ட் பிரேக் போடாதீங்க."

"தள்ளுறப்ப இடிச்சிற மாட்டாங்களே?"

"மணிமுத்து தள்ளுவாரு. நம்பி விட்டுட்டுப் போங்க."