பதினான்கு ஒற்றைக் கதவு ஜன்னல்கள்

1

"ஏட்டி மக்கா, காத்துல ஜன்னலு ஒடைஞ்சா எப்பவும் எந்தப் பக்கத்துக் கதவாக்கும் ஒடையும்? தெக்கா, வடக்கா?"

மீன் விற்க வரும் கிளாரா எங்கள் வீட்டுப் புறவாசலில் ஓலைக் கடவத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்வி இது. கொல்லம் ஆண்டு 1104. (மற்றவர்கள் 1929 என்பார்கள்.) எனக்குப் பதினான்கு வயது. வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னால் வீட்டுக்கு ஓடிவிடுவேன்; அதனாலேயே ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கிளாரா கேட்டபோதும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் கேள்வியை அன்றைக்கே நோட்டில் எழுதினேன். இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது.

பதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுத் தொழிலே ஜன்னல்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'முன்னொரு காலத்தில் கருங்கல் என்ற ஊரில் ஒரு தச்சர் இருந்தார்.' (வேண்டாம். அவர் இப்போதும் இருக்கிறார். அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்கிறார்.)

'அப்பா மிஷன் பட்டறையில் தொழில் படித்தவர். அப்பாவைப் போல' (இதற்கு மேல் போகவில்லை. அப்பா என்று எழுதினால் பேனா தலையைக் குனிந்துகொள்கிறது.)

ஆகவே, ஞானையன். நோட்டுக்குள் மட்டும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

ஞானையன் கதவு செய்ய மாட்டார், கட்டில் செய்ய மாட்டார். ஜன்னல் மட்டும். வாத்தியார்மாரும், கொழும்புக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போய் வந்தவர்களும் கண்ணாடி ஜன்னல் வைத்து வீடு கட்டத் தொடங்கியிருந்த நேரம் அது. சந்தையில் கேலி பேசினார்கள்: "கதவு செய்தாலாவது கள்ளனுக்குப் பயந்து வாங்குவான். நீரு காத்த வித்தா பிழைக்கப் போறீரு?"

அவர் கவலைப்படவில்லை. ஆனி மழையில் அயினி மரப் பலகை எவ்வளவு வீங்கும் என்பதைப் பென்சில் கோட்டில் காட்டுவார். அந்தக் கோட்டின் அகலத்துக்கு இடைவெளி விட்டுத்தான் இழைப்பார். மழைக்காலத்தில் முக்காமல் மூடும் ஜன்னல் வேண்டுமென்றால் ஊரில் அவரிடம்தான் வர வேண்டும். கண்ணாடி, குளச்சல் துறைமுகத்திலிருந்து வைக்கோல் திணித்த பெட்டிகளில் வந்தது. (அந்த வைக்கோலுக்குள்தான் என் நோட்டுகள் இருக்கின்றன. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.) கீல் மட்டும் பிரச்சினை. கடற்காற்றில் இரும்புக் கீல் ஒரு வருஷம் தாங்காது. விளக்கு வார்க்கும் பொன்னுலிங்கத்திடம் போய்ப் பித்தளையில் கீல் வார்க்கச் சொன்னார்.

"குத்துவெளக்கு வார்க்க கையி வே இது!"

"ஒம்ம வெளக்கு அந்திக்கு மட்டுந்தான் எரியும். எனக்க கீலு ராப்பகலு வேல செய்யும். எது வே பெருசு?"

பொன்னுலிங்கம் சிரித்துவிட்டு வார்த்துக் கொடுத்தார். பிறகு நிறுத்தவே இல்லை.

3

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. வைகாசிக் கடைசியில் கச்சான் காற்று தொடங்கியதும், கடலைப் பார்த்த ஜன்னல்கள் உடைந்தன. கதவு காற்றோடு பறந்து வெளிச்சுவரில் அடிக்கும்; கண்ணாடி போய்விடும். கீல் போதவில்லை என்று நினைத்து இன்னும் கனமாக வார்க்கச் சொன்னார். அடுத்த கச்சானில் கீல் தாங்கியது. ஜன்னல் கட்டளை, அதாவது நிலைச்சட்டமே, சுவரை விட்டுப் பெயர்ந்து வந்தது.

என்னிடம் கேட்ட கேள்வியைக் கிளாரா மறுவாரம் அவரிடமே கேட்டாள்.

"எந்தப் பக்கமும் ஒடையும்," என்றார் ஞானையன்.

"நல்லா பாத்தீரு! நான் எண்ணியாச்சு, மேஸ்திரியண்ணே. மண்டைக்காட்டுல இருந்து இங்க வரைக்கும் பத்தொம்பது ஜன்னலு. பதினேழு வடக்குக் கதவு."

"மீதி ரெண்டு?"

"அது மாங்காய்க்கு எறிஞ்ச கல்லு."

[இங்கே ஒரு சந்தேகம். கிளாராவை நான் அளவுக்கு மீறிக் கெட்டிக்காரியாக எழுதுகிறேனா? யோசித்துப் பார்த்தேன். இல்லை. எல்லா வீட்டுக்கும் புறவாசல் வழியாக மட்டும் போகிறவள் அவள். வீடுகளின் முதுகு அவளுக்குத் தெரிந்த அளவுக்குச் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. ரொம்ப நல்லவளாக எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சேர்க்கிறேன்: முந்தின நாள் அயிலையை அன்றைக்குப் பிடித்தது என்று அம்மாவிடம் இரண்டு தடவை விற்றிருக்கிறாள். "ஏட்டி, இந்த மீனு எனக்குக் கல்யாணம் ஆவதுக்கு முந்தி பிடிச்சதா?" என்று அம்மா கேட்டதும் உண்மை.]

கிளாரா கடவத்தின் ஓலைமூடியை எடுத்துக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றாள். கச்சான் தென்மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. மூடியின் ஓரத்தைத் தெற்குக் கையான இடக்கையில் பிடித்தாள். காற்று அதைத் தள்ளி அவள் நெஞ்சோடு சேர்த்து அப்பியது. வலக்கைக்கு மாற்றினாள். மூடி பிய்த்துக்கொண்டு பறந்து பலாமரத்தில் போய் விழுந்தது.

"கடக்கரையில இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்," என்றாள். "காத்து வாற பக்கத்துல பிடிச்சா அதுவே மூடித் தரும். மத்தப் பக்கம் பிடிச்சா பிச்சிட்டுப் போவும். நீங்க ரெண்டு பக்கமும் கதவு வச்சு, ஒண்ணக் காத்துக்குக் காவு குடுக்கியோ."

ஞானையன் போய் மூடியை எடுத்து வந்தார். தானும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு மண்ணில் பென்சிலால் வரையத் தொடங்கினார். அகலம் குறைந்து, உயரம் கூடிய ஜன்னல். ஒரே கதவு. கீல்கள் மூன்றும் தெற்கே.

4

கிளாரா பங்கு கேட்டாள். காசு அல்ல.

"உடைஞ்ச ஜன்னலு எந்த வீட்டுலண்ணு நான் வந்து சொல்லுவேன். இந்த வித்த எங்க படிச்சீருண்ணு யாரு கேட்டாலும் நீரு எம்பேரச் சொல்லணும். நடந்து போற வழியெல்லாம் 'ஏ மீனு, ஏ மீனு'ண்ணாக்கும் கூப்பிடுகாங்க. எனக்கு ஞானஸ்நானத்துல ஒரு பேரு வச்சிருக்கு."

ஞானையன் ஒப்புக்கொண்டார். அவள் சொன்ன வீடுகளுக்குப் போனார். மூன்று கச்சானில் முப்பத்தாறு ஒற்றைக் கதவு ஜன்னல்கள் ஏறின, ஒன்றுகூட உடையவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "கிளாரா சொன்னா" என்றார். அவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். வாக்கைக் காப்பாற்றுவது அதுவரை அவருக்கு எளிதாகத்தான் இருந்தது.

5

1107-இல் சபைப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. மேட்டின் மேல், கடலைப் பார்த்த நீளச் சுவர். கமிட்டித் தலைவர் செல்வதாஸ் ஐயா பத்து இரட்டைக் கதவு ஜன்னல் கேட்டார். ஞானையன் பதினான்கு ஒற்றைக் கதவு என்றார்.

"ஒத்தக் கதவு கோழிக்கூட்டுக்கு வைக்கது வே!"

"கோழிக்கூடு எந்தக் காத்துலயும் ஒடைஞ்சதில்ல ஐயா."

கடைசியில், பழைய வகுப்பறையின் மேற்குச் சுவரில் இரண்டு வகையிலும் ஒவ்வொன்றைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, கச்சான் வரும்வரை பொறுப்பது என்று முடிவானது. ஞானையனுக்கு இருந்த நம்பிக்கையில் பொறுக்க முடியவில்லை. பதினான்குக்கும் மரத்தை அறுத்துப் போட்டுவிட்டார். ஒற்றைக் கதவு அளவுக்கு அறுத்த மரம். வேறு எந்த வீட்டுக்கும் ஆகாது. இந்தக் கட்டடம் கிடைத்தால் மேற்குத் தாலுகா முழுவதும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பட்டறை நிறைய விறகு.

வைகாசி இருபத்தேழு, காலை. நான் ஞானையனுக்குக் கஞ்சி கொண்டு போயிருந்தேன். மழைக்கு ஒதுங்கிக் கிளாராவும் பள்ளிக்கூட வராந்தாவில் கடவத்தோடு நின்றாள். ஒரே வீச்சு. இரட்டைக் கதவின் வடக்குப் பாதி சுவரில் போய் அடித்தது. கண்ணாடி முற்றத்தில் சிதறியது. ஒற்றைக் கதவு தானாக வந்து மூடிக்கொண்டது.

சோதனையைப் பார்க்க வந்திருந்த கமிட்டிக்காரர்கள் கண்ணாடித் துண்டுகளைச் சுற்றிக் கூடினார்கள். செல்வதாஸ் ஐயாதான் முதலில் பேசினார், கொஞ்சம் இறங்கிய குரலில்: "சரி வே. இது எந்தப் புஸ்தகத்துல உள்ளது? வெள்ளைக்கார சாயிப்பு எழுதினதா? கமிட்டிக் குறிப்புல ஒரு பேரு எழுதணும். நல்லதா ஒரு பேரு சொல்லும், இண்ணைக்கே முடிச்சிருவோம்."

6

இந்த இடத்தில் இரண்டு மாதம் நின்றேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) "பட்டறையில சாயிப்பு சொல்லித் தந்தது ஐயா," என்கிறார் ஞானையன். வேலை கிடைக்கிறது. கிளாரா கடவத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள். மறுநாள் முதல் வேறொருத்தி மீன் கொண்டுவருகிறாள். (இந்தப் பக்கத்தைக் கிழித்தேன். பிறகு பசை போட்டு ஒட்டினேன். அவர் அப்படிச் சொல்லியிருக்கவும் கூடும் என்பதை மறைத்தால் மற்றதற்கு மதிப்பில்லை.)

(ஆ) ஞானையன் கிளாராவின் பேரைச் சொல்கிறார். செல்வதாஸ் ஐயா கண்கலங்கி அவளை நாற்காலியில் உட்கார வைக்கிறார். எல்லோரும் ஞானப்பாட்டு... (செல்வதாஸ் ஐயாவைத் தெரிந்த யாராவது இதைப் படித்தால் சிரித்தே சாவார்கள். விட்டுவிட்டேன்.)

(இ) அவர் வாயைத் திறந்த நேரம் பெருமழை இரைந்ததால், என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. (கேட்டது. நன்றாகவே கேட்டது. இந்த மழை நான் தப்பிக்கப் பெய்வித்தது.)

7

ஞானையன் அறுத்துப் போட்ட மரத்தை நினைத்தார். அப்பாவின் மனசுக்குள் போய்ப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். போகவில்லை. அவர் பட்டறை இருந்த திசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்ததைப் பார்த்தேன்.

"புஸ்தகம் ஒண்ணும் இல்ல ஐயா. கிளாரா சொல்லித் தந்தது. அந்தா நிக்காவல்லா."

செல்வதாஸ் ஐயா வராந்தாவைப் பார்த்தார். "யாரு, அந்த மீனா?"

"மீனு கடவத்துல கிடக்கு. நிக்கது கிளாரா."

கமிட்டியில் ஒருவர் இருமினார். ஒரு மீன்காரி, அதுவும் வேறு சபைக்காரி. அவள் பேர் குறிப்பில் ஏறினால் என்ன ஆகும் என்று எல்லோரும் கணக்குப் போடுவது தெரிந்தது. கிளாரா மட்டும் முந்தானையால் முகத்து மழையைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்து நின்றாள்.

"தோமாஸ் மகள் கிளாராண்ணு எழுதணும் ஐயா. ஒம்ம வீட்டு அடுக்களை ஜன்னலும் ஒடைஞ்சுதான் கிடக்கு. நீரு அந்தப் பக்கம் வாறதில்ல, அதனால சொல்லுகேன். வடக்குக் கதவு."

ஞானையன் சிரித்துவிட்டார். அடக்க முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு. போனால் போகட்டும் என்று சிரிக்கிறவரின் சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்காகவே இந்தக் கதையை எழுதுகிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

பதினான்கும் ஏறினவா, விறகானவா என்று நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அதை எழுதினால், அவர் பேரைச் சொன்னது லாபத்துக்கா நஷ்டத்துக்கா என்று நீங்கள் எடை போடுவீர்கள். அடுத்து நான் கண்ணால் கண்டதை மட்டும் தருகிறேன். அதிலிருந்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

செல்வதாஸ் ஐயா கண்ணாடித் துண்டுகளைத் தாண்டி, ஒற்றைக் கதவு ஜன்னலிடம் போனார். முழுக்கத் திறந்தார். கையை விட்டார். மூடிக்கொண்டது. மறுபடியும் திறந்தார், இந்த முறை வெளியே தலையை நீட்டி, காற்று வரும் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். கையை விட்டார். மூடிக்கொண்டது. மேல்துண்டால் கையைத் துடைத்தார். கிளாராவைப் பார்த்தார், ஞானையனைப் பார்த்தார். கமிட்டிக் குறிப்பை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். படியில் நின்று குடையை விரித்தார். பிறகு மழைக்குள் இறங்கிப் போனார்.