நீர் நிர்வாக மெய்நிகர் மையம்

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், அது இன்னும் வெளியே வழியவில்லை என்று சொல்லலாம். அந்த மாதம் முழுக்க அது பாசிப்பச்சையாகக் கிடந்தது. ஓரத்தில் கை வைத்தால் வழுக்கும். வழுக்கிய விரலை முகர்ந்து பார்த்தவர்கள் இரண்டாம் முறை முகரவில்லை. வடிகட்டிக் கூடையைத் திறந்தால் முடிக்கற்றை, காயத்திலிருந்து உரிந்த பிளாஸ்திரி, ஒற்றைக் காலுறை. ஒருமுறை யாருடையதோ கீழ்வரிசைப் பல்செட் கிடந்தது. அதைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. வந்தால் திரும்ப வாயில் வைக்க வேண்டுமே.

தண்ணீர் பச்சையாக இருந்தது மட்டுமல்ல. ஒருநாள் குளித்த பிள்ளைகள் ஒன்றுமில்லாமல் வீடு திரும்புவார்கள். மறுநாள் குளித்தவர்கள் மிளகாய்ப்பொடி விழுந்தவர்கள் போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்கள். குளோரின் மருந்து நெடி மூன்றாம் மாடி வரை ஏறும். அடுத்த நாள் நெடி போய்விடும், பாசி நாற்றம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் பொறுப்பானவர் சங்கத் தலைவர். என் மனைவியின் அண்ணன். பெரிய கம்பெனியில் தலைமைப் பண்பு பற்றிப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கம்பெனி அவரை விட்டுவிட்டது. தலைமைப் பண்பு விடவில்லை. நடத்துவதற்கு ஆள் இல்லாமல் தவித்து, நாங்கள் நூறு குடும்பங்கள் வாய் திறந்து கொட்டாவி விட்ட நேரத்தில் தலைவராகிவிட்டார். அவர் பதவிக்கு வந்ததும் குளத்துப் பம்ப் அறையின் கதவில் பித்தளைப் பலகை ஏறியது: ‘நீர் நிர்வாக மெய்நிகர் மையம்.’ உள்ளே ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, மருந்து டிரம், ஈரத் துடைப்பம்.

மெய்நிகர் என்ற சொல்லுக்குக் காரணம் உண்டு. பம்பையும் மருந்தையும் இயக்கும் மென்பொருளை எழுதிய கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. அது பழைய இயங்குதளத்தில்தான் ஓடும். பழைய கணினியோ, தலைமுறை தலைமுறையாக உள்ளே குடியிருந்த கரப்பான்களின் எச்சத்தால் செத்துப்போனது. ஆகவே தலைவர் ஒரு வீடியோவைப் பார்த்து, புது மடிக்கணினிக்குள் பழைய இயங்குதளத்தைத் தாமே நிறுவிவிட்டார். செய்யக்கூடியதுதான்; மெய்நிகர் கணினி என்று அதற்குப் பெயர். புது வீட்டில் ஓர் அறையைத் தடுத்து அதில் பழைய காலத்து மாமனாரைக் குடிவைப்பது போல. அறைக்குள் அவர் வைத்தது சட்டம், அவர் பார்ப்பதுதான் மணி. வெளியே வேறொரு வீடு இருப்பதே அவருக்குத் தெரியாது.

எனக்குக் கணினி பழுது பார்க்கும் கடை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தலைவர் போன் செய்தார்.

“மாப்பிள்ளை, நம்ம மையத்துக்கு ஒருநடை வாங்க. உள்ள இருக்கிற பழசு, வெளிய இருக்கிற பிரிண்டரைப் பாக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு ஆதாரம் எடுக்கணும்.”

“என்ன ஆதாரம், மச்சான்?”

“வந்தா சொல்றேன். திருட்டு விஷயம். போன்ல பேசக்கூடாது.”

பத்து வருடமாக அந்தக் குளத்தில் நீளக் கம்பு வலையால் குப்பை அள்ளும் பெண்மணிதான் திருடி என்று அவர் முடிவு செய்திருந்தார். எல்லோரும் அவரை வலையம்மா என்பார்கள். நான் போனபோது வலையம்மா குளத்தின் விளிம்பில் நின்று ஏதோ ஒன்றை அள்ளி, பார்க்காமலே வாளியில் தட்டிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா அது?”

“கேக்காதீங்க சார். மத்தியானம் சாப்பிட்டாச்சா? அப்ப கேக்கவே கேக்காதீங்க.” வலையை உதறினார். “சார், பக்கத்துத் தெரு ஓட்டல்ல குளம் இருக்கில்ல, அங்க வரச் சொல்றாங்க. சம்பளமும் கூட. ஆனா இங்க தலைவருக்குப் போன் போட்டு ஆள் எப்படின்னு கேட்டுட்டுத்தான் எடுப்பாங்களாம். இவரு திருடின்னு சொன்னா எனக்கு அதுவும் போச்சு, இதுவும் போச்சு. நீங்க அவருக்கு மாப்பிள்ளைதானே. ஒரு வார்த்த சொல்லுங்க.”

“நான் சொன்னா கேட்பாரா?”

“கேக்க மாட்டாருதான். வேற யாருகிட்ட சொல்ல?”

உள்ளே தலைவர் டிரம்மின் மேல் கை வைத்தபடி, படம் எடுக்க யாராவது வருவார்கள் என்பதுபோல் நின்றிருந்தார்.

“பாருங்க மாப்பிள்ளை. ராத்திரி ராத்திரி மருந்து இறங்கணும். கணக்குப்படி டிரம் இந்நேரம் பாதிக்கு வந்திருக்கணும். ஆனா முக்கால்வாசி இருக்கு. எப்படி?”

“இறங்கலையோ என்னமோ.”

“இறங்குது. மென்பொருள்ல பச்சை விளக்கு எரியுதே.” குரலைத் தணித்துக்கொண்டார். “மருந்தை எடுத்து வித்துட்டு, பதிலுக்குத் தண்ணி ஊத்தி வெக்கிறா. அதான் டிரம் நிறையுது, குளம் பச்சையாகுது. என் இத்தன வருஷ அனுபவத்துல இப்படி ஒரு நுட்பமான களவப் பாத்ததில்ல.”

திருட்டுப் போனால் பண்டம் குறையும் என்பதுதான் இதுவரை உலகம் கண்டது. பண்டம் கூடியதால் திருட்டு என்று கண்டுபிடிக்க ஒரு தலைமைப் பண்பு வேண்டும். நான் மடிக்கணினி முன் உட்கார்ந்தேன். விசைகளுக்கு இடையில் பிஸ்கட் தூள். பிசுபிசுப்பு. கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டுதான் தொட முடிந்தது.

பிரிண்டர் பெரிய விஷயமல்ல. உள் அறைக்காரருக்கு வெளியே இருக்கும் சாமான்களில் எதைக் காட்டலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் பிரிண்டரைச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பழைய திரையின் கீழ் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். வெளியே உச்சி வெயில். அதில் நள்ளிரவு தாண்டியிருந்தது. தேதி, போன மாதத்தில் எங்கோ இருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் குளத்துக்குள் நாலைந்து பிள்ளைகள்.

“மச்சான், இந்தக் கடிகாரம்...”

“அதுவா? மொதல் வாரமே கவனிச்சுட்டேன். பழைய சிஸ்டம் இல்லையா, பழைய நேரம்தான் காட்டும்.” என் தோளைத் தட்டினார். “நிகழ்காலத்துக்குள்ள இறந்தகாலம் ஓடுது. போன மீட்டிங்ல இத ஒரு ஸ்லைடாவே போட்டேன். கை தட்டினாங்க.”

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவர் பிறந்ததிலிருந்து கேலி செய்ததில்லை.

“இந்த லேப்டாப்ப எப்ப மூடுவீங்க?”

“சாயங்காலம் மூடி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். ராத்திரி அந்தம்மா இதுல கைய வெச்சா? காலையில நானே கொண்டாந்து திறந்து ஒயரச் சொருகுவேன். யாரையும் தொட விடறதில்ல.”

எழுந்து மூடியைச் சாத்தினேன். பம்ப் நின்றது. அவரைக் கூட்டிக்கொண்டு வாசல் கடைக்குப் போய் டீ வாங்கிக் குடித்தேன். அவர் குடிக்கும்வரை தலைமைப் பண்பு பற்றிக் கேட்டேன். அது வேறு தண்டனை. திரும்பி வந்து மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த கடிகாரம் நாங்கள் டீக்குப் போனதே தெரியாமல், விட்ட நொடியிலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்தது.

“புரியுதா மச்சான்? நீங்க மூடும்போது உள்ள இருக்கிறவரு அப்படியே உறைஞ்சு போறாரு. திறந்தா, விட்ட இடத்துலேர்ந்து எழுந்திருக்கிறாரு. நடுவுல ராத்திரி போனதே அவருக்குத் தெரியாது. நம்ம ரெண்டு பகல் சேந்தாதான் அவருக்கு ஒரு நாள். ஒரு பகல் அவருக்குப் பகல், அடுத்த பகல் அவருக்கு ராத்திரி. ராத்திரின்னு நெனச்சு அவரு மருந்த ஊத்துறாரு, உள்ள பசங்க குளிச்சிட்டிருக்காங்க. பாதி மருந்துதான் செலவாகியிருக்கு. டிரம் ஏன் நிறைய இருக்குன்னு இப்பத் தெரியுதா?”

தலைவர் டிரம்மைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். மடிக்கணினியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“இத ஞாயித்துக்கிழமை சொல்லித்தான் ஆகணுமா?” என்றார்.

வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. அண்ணன் தங்கைக்குப் போன் போட்டிருக்கிறார்.

“எங்கண்ணன நாலு பேர் முன்னாடி தலகுனிய வெக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி. “உங்களுக்கு அவன் மேல எப்பவும் ஒரு இளக்காரம்.”

“இளக்காரம் இருக்கு. அதுக்கும் டிரம்முக்கும் சம்பந்தமில்ல. அந்தம்மாவுக்கு வேலை போகுது.”

“போகாது. அவனே அவகிட்ட நல்லவிதமாப் பேசி முடிச்சுருவான். அவன் மனசு தங்கம்.”

“சரி. அவரே பேசட்டும். பேசலைன்னா நான் பேசுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை மாலை குளக்கரையிலேயே கூட்டம். காற்று நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் முன்வரிசைக்காரர்கள் மூக்கைச் சொறிவதுபோல் மூடிக்கொண்டார்கள். வலையம்மா ஓரமாக, கம்பு வலையை ஊன்றி நின்றார். தலைவர் எழுந்தார். பொருளாளர் அவருக்கு மைக்கைத் துடைத்துக் கொடுத்தார்.

“நண்பர்களே,” என்று ஆரம்பித்து, நீர், நாகரிகம், மெய்நிகர் யுகம் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஒருவழியாகக் குளத்துக்கு வந்தார். “நம் மையத்தில் ஒரு மெய்நிகர் காலப்பிறழ்வு நிகழ்ந்துள்ளதை எனது தொடர் கண்காணிப்பில் கண்டறிந்தேன். இது கணினியின் பிழை. தனிநபர் எவரும் பொறுப்பல்ல. இந்த அம்மாள் மீது எழுந்த சந்தேகமே இக்கண்டுபிடிப்புக்குத் தூண்டுகோலாக அமைந்தது. ஆகவே அவருக்கும் நமது நன்றி.”

கை தட்டினார்கள். எனக்கு வாயில் குளத்துத் தண்ணீர் புகுந்தது போல் இருந்தது. எழுந்தேன். அதற்குள் வலையம்மா பேசிவிட்டார்.

“கம்ப்யூட்டரா என்னத் திருடின்னு சொல்லுச்சு?”

கைதட்டல் நின்றது.

“அப்படி இல்லம்மா,” என்றார் தலைவர். “தரவு அப்படிக் காட்டிச்சு.”

“தரவா? அவரு எந்த பிளாக்ல இருக்காரு? கூப்பிடுங்க, நேர்ல கேட்டுக்குறேன்.”

பின்வரிசையில் ஒருவர் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். பொருளாளர் குனிந்து, “வருத்தம் தெரிவிச்சு மினிட்ஸ்ல ஏத்திடலாம் தலைவரே” என்றார்.

“எழுத்தெல்லாம் வேணாங்க,” என்றார் வலையம்மா. “சொன்னது வாயாலதானே? ஓட்டல்காரங்க காத்திருக்காங்க. ஒரு போன் போட்டு, இவ நல்லவன்னு வாயாலயே சொல்லுங்க.”

“அதெல்லாம் முறையான கோரிக்கையா வந்தா, செயற்குழு பரிசீலிச்சு...”

நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்து நாற்காலி காலியாகியிருந்தது. மனைவி நேராக முன்னால் போய், அண்ணனின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளையின் பையிலிருந்து கவண் எடுப்பது போல.

“நம்பர் சொல்லுங்கம்மா.”

“ஏய், என்ன பண்ற? எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். தூண்டுகோலாம் தூண்டுகோல். கேக்கவே அருவருப்பா இருக்குண்ணா. பேசு.”

வலையம்மா எண்ணைச் சொன்னார். மணி அடித்தது. மனைவி ஒலிபெருக்கியை அழுத்தி, போனை அண்ணனின் வாய்க்கு நேரே பிடித்தாள். ஓட்டல் மேலாளர் எடுத்தார். யார் என்று கேட்டார். தலைவர் தம் பெயரையும் பதவியையும் முன்னாள் பதவியையும் சொன்னார். அப்புறம் நின்றுவிட்டார். தங்கை போனை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

“எங்க குளத்துல வேல பாத்த அம்மா... நேர்மையானவங்க. திருட்டு கிருட்டு எதுவும் கிடையாது. அப்படி நான் சொன்னது தப்பு.”

“ரொம்ப நன்றி சார்,” என்றது மறுமுனை. “நல்ல வேலைக்காரங்கதானே?”

தலைவரின் முதுகு நிமிர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். “பின்னே? நம்ம மெய்நிகர் மையத்துல நேரடியா என்கிட்ட பயிற்சி எடுத்தவங்க.”

மனைவி போனை அணைத்து அவர் பையில் போட்டாள். பிறகு கையைத் தன் உடையில் இரண்டு பக்கமும் துடைத்தாள். “வாங்க போலாம்” என்றாள் என்னிடம்.

“ஓட்டல் தண்ணி சுத்தமா இருக்கும், இல்லையாம்மா?” என்று வலையம்மாவிடம் கேட்டேன்.

“எந்தத் தண்ணி சார் சுத்தம்? அங்கயும் ஆளுங்கதானே குளிக்கிறாங்க.”

சொல்லிக்கொண்டே கம்பு வலையைப் பக்கத்தில் நின்ற பொருளாளரிடம் நீட்டினார். மனுஷன் யோசிக்காமல் வாங்கிவிட்டார். வலையிலிருந்து பச்சையாக ஏதோ அவர் செருப்பின் மேல் சொட்டியது. அவர் தலைவர் பக்கம் அதை நீட்டினார். தலைவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, நாற்காலிகளை அப்படியே விட்டுவிட்டு, வீட்டில் ஏதோ அடுப்பில் வைத்த நினைவு வந்தவர்கள்போல் நடக்க ஆரம்பித்தார்கள்.