மெலனியின் உடுப்பில் பூத்த சொதி

கல்லூரியில் அமிலம், காரம் பற்றிய பாடத்தை நான் இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே தடவையில் தேறியவர்களுக்கு இந்த அளவு அனுபவம் கிடையாது.

அன்று தங்கச்சி மெலனி தேவாலயத்தில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் நாள். கேக் எடுக்க அம்மா பக்கத்து ஊர் கர்க்லாண்டுக்குப் போயிருந்தார். மெலனி புது வெள்ளை உடுப்போடு சமையலறையில் சுழன்றாள். இடியப்பக் கோப்பையோடு நான் குறுக்கே போனேன். மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சொதி அவள் பாவாடையில் கொட்டியது.

"ஐயோ அண்ணா! அம்மா கொல்லுவா!"

"அழாதை. சொதிக்குள்ளை தேசிக்காய்ப் புளி கிடக்கு. புளி எண்டா அமிலம். காரத்தைப் போட்டா நடுநிலையாகி, கறை போயிடும்."

காரத்துக்குச் சவர்க்காரத்தை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சள் கறை இரத்தச் சிவப்பானது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதை, படித்த நான் அந்தப் பாவாடையில்தான் கண்டுபிடித்தேன்.

மெலனி தமிழில் ஏசிப் பார்த்தாள். போதாமல் பள்ளிக்கூடப் பிரெஞ்சுக்கு மாறினாள்.

அமிலத்துக்கு வினாகிரி விட்டேன். மறுபடி மஞ்சள். சவர்க்காரம், சிவப்பு. வினாகிரி, மஞ்சள். என் வாழ்நாளில் சரிவந்த முதல் பரிசோதனை இது. உடுப்பு யாருடையது என்பதே மறந்துபோனது.

"அண்ணா, நிப்பாட்டு! சிவப்பிலையே விடு. சுத்திவர இன்னும் கொஞ்சம் போடு."

"ஏனடி?"

"பூ எண்டு சொல்லுவம்."

எட்டு வயதுக்காரி எனக்குத் தலைமை தாங்கினாள். கரண்டி நுனியால் சொதியைப் பொட்டுப் பொட்டாக வைத்தேன், சவர்க்காரத்தால் ஒற்றினேன். பாவாடை ஓரமெல்லாம் சிவப்புப் பூ.

அம்மா உள்ளே வந்தார். பாவாடையைப் பார்த்தார், என் கையிலிருந்த சொதிக் கரண்டியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நேரமில்லை, காரிலை ஏறுங்கோ. உனக்குப் பேந்து இருக்கு."

கோவிலில் வெள்ளை உடுப்பு வரிசையில் பூப்போட்டவள் எங்கள் பிள்ளை மட்டும்தான். சுவாமியார் ஒருகணம் குனிந்து பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சுவாமியார் நிமிர்ந்து நன்மை கொடுத்தார். மெலனி கைகூப்பியபடி, பாவாடை எல்லோருக்கும் தெரியும்படி மெதுவாகத் திரும்பி நடந்தாள்.

பின்வரிசை வாங்கிலிருந்து அஞ்சலீனா மாமி எட்டி அம்மாவின் தோளைத் தட்டினார்.

"அக்னெஸ், இந்தப் பூவேலை எங்கை செய்விச்சனீர்?"

"மகன் செய்தது."

"அட! வாற வருசம் என்ரை ஜென்சிக்கும் செய்து தருவானே?"

அம்மா திரும்பாமலே சொன்னார்:

"தருவான். ஆனா அந்த உடுப்பைத் தோய்க்கிற யோசனை உமக்கு இருக்கக்கூடாது."