பரிபூரணம் உட்காரும் இடம்

சமுத்திரம் மனைவியின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, டாக்டர் அசீனா மாலையோடு வாசலில் வந்து நின்றாள். இருபத்தெட்டு வருடம் மினி பஸ் ஓட்டிய கைக்கு அந்தச் சின்ன முடிச்சு பிடிபடவில்லை. இரண்டு முறை நழுவி, மூன்றாவது முறைதான் நின்றது.

பரிபூரணம் விடிகாலையில் பாலை அடுப்பில் வைத்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஐம்பத்தொன்பது வயது. ரிட்டயராக இன்னும் ஏழு மாதம் இருந்தது.

அசீனா மாலையைப் போட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். பரிபூரணம் வேலை பார்த்த ஶ்ரீவில்லிபுத்தூர் காய்ச்சல் ஆய்வு மையத்துக்கு அவள்தான் பொறுப்பு. அழுத முகம்தான். ஆனால் அழுகையைத் தாண்டி வேறொரு தவிப்பும் அதில் இருந்தது. அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கப்போகிற ஆளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர் சமுத்திரம்.

"என்ன தாயி, சொல்லு."

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுண்ணே."

"கேக்கத்தான வந்திருக்க."

அவள் பக்கத்தில் குத்தவைத்து மெதுவாகச் சொன்னாள். பிளவக்கல் பக்கத்து ஊர்களிலிருந்து ஒன்பது பிள்ளைகள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். இரண்டு பேருக்கு நினைவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதே மலையடிவாரத்தில் இதேபோல ஒரு காய்ச்சல் வந்தது. அன்றைக்கு ஒரு மருந்துக்கு அது கட்டுப்பட்டது.

"அதே காய்ச்சலா இருந்தா அதே மருந்து போதும்ணே. வேறயா இருந்து அதக் குடுத்தா, பிள்ளைக கிட்னி தாங்காது. புதுசா ஒரு கிட் வந்திருக்கு. ஒம்பது பேருக்கும் ரெண்டு கோடு காட்டுது. ஆனா அன்னைக்குக் காய்ச்சல் வந்த ஆளுக ரத்தத்துலயும் ரெண்டு கோடு விழுந்தாத்தான் நம்ப முடியும். அந்த ரத்தம் நம்மகிட்டதான் இருக்கு. எங்க இருக்குன்னுதான் தெரியல."

மையத்துப் பலகையில் உயிரி மாதிரி வங்கி என்று எழுதியிருக்கும். ஊரில் ரத்தப் பேங்கு என்பார்கள். என்னதான் செய்கிறீர்கள் அங்கே என்று சமுத்திரம் ஒருமுறை கேட்டபோது, "நாளைக்கு வரப்போற காய்ச்சலுக்கு இன்னைக்கே சாட்சி சேத்து வைக்கோம்" என்று பரிபூரணம் சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு புயல் நாளில் பழைய ஃப்ரீசர் நின்றுபோக, அத்தனை பெட்டிகளையும் அவள் ஒருத்தியாகப் புது ஃப்ரீசருக்கு மாற்றினாள். ஈரத்தில் ஸ்டிக்கர்கள் உரிந்துவிட்டன. எது எங்கே என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். ரிட்டயராவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

அசீனா போனில் நோட்டின் படத்தைக் காட்டினாள். பரிபூரணத்தின் கோழிக்கிறுக்கல்.

'வத்ராப் - டிரைவருக்கு நேர் பின்னாடி. தேவதானம் - கடைசி சீட்டு, சன்னல். பிளவக்கல் காய்ச்சல் - நான் உக்கார்ற எடம்.'

சமுத்திரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சத்தமாகவே சிரித்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

பரிபூரணத்தின் அண்ணன் பால்ச்சாமி குறுக்கே வந்தார். ராணுவத்தில் இருந்து வந்தவர். இன்றைக்கும் விறைப்பாகத்தான் நிற்பார்.

"எங்க கெளம்பிட்டீரு மாப்ளே? பொணம் கெடக்கையில கட்டுனவன் வாசலத் தாண்டலாமா? நீர்மாலைக்கு மேளக்காரன் வந்தாச்சு."

"நீரு போயித் தண்ணி எடுத்துட்டு வாரும். குளிப்பாட்டுறதுக்குள்ள வந்துருதேன்."

"ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும் மச்சான். ஒம்ம தங்கச்சி இன்னைக்கு டூட்டில இருக்கா."

பால்ச்சாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "என் புல்லட்ட எடுத்துட்டுப் போரும். அந்தப் பிள்ள ஸ்கூட்டி உருட்டிக்கிட்டுப் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்."

இத்தனை வருடத்தில் பரிபூரணத்தைத் தன் பஸ்ஸில் கொண்டுவந்து மையத்தின் கேட்டில் இறக்கிவிட்டுப் போனதோடு சரி. சமுத்திரம் உள்ளே வந்ததில்லை. ஃப்ரீசர் ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. மைனஸ் எண்பது என்று சிவப்பு எழுத்து ஓடியது.

"ரெண்டு நிமிசத்துக்கு மேல கதவு தொறந்திருக்கக் கூடாதுண்ணே" என்றாள் அசீனா. "சூடு ஏறுனா இருவது வருசத்து ரத்தமும் வீணாப் போயிரும். குழாயில வெறும் நம்பர்தான். ஒவ்வொண்ணா உருக்கிப் பாக்கவும் முடியாது."

டெக்னீஷியன் எட்வின் கதவைத் திறந்தான். வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. புகை விலகியதும் ஐந்து தட்டுகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் இரண்டு அடுக்கு, வலப்பக்கம் இரண்டு அடுக்கு. நடுவில் ஒரு சந்து.

"அடிப்பாவி" என்றார் சமுத்திரம் மெல்ல. அது அவருடைய பஸ்.

"மேல இருந்து மூணாவது. லேடீஸ் பக்கம். எடது கை."

"சன்னல் ஓரந்தான?" எட்வின் கேட்டான். "எல்லாரும் அங்கதான உக்காருவாங்க."

"அவ உக்கார மாட்டா. உள்பக்க சீட்டு. சன்னலோரம் உக்காந்தா எங் கண்ணாடில தெரிய மாட்டா."

ஃப்ரீசர் கத்தத் தொடங்கியது. எட்வின் கையுறையைத் தேடித் திரும்புவதற்குள் சமுத்திரம் வெறுங்கையை நீட்டி அந்த அடுக்கை இழுத்துவிட்டார். இரும்பு தோலைக் கவ்விப் பிடித்தது.

"அண்ணே, கை" என்றாள் அசீனா.

"கதவச் சாத்து தாயி."

ஐந்து குழாய்களை எடுத்தார்கள். உருக வைத்து, கிட்டில் ஒவ்வொரு சொட்டு விட்டார்கள். சரிபார்க்க எட்வினின் ரத்தத்தில் ஒரு சொட்டு ஆறாவதாக. சமுத்திரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். இருபது நிமிடம். இந்நேரம் நீர்மாலைக்காரர்கள் ஊருணிப் பக்கம் திரும்பியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்.

எட்வினின் கிட்டில் ஒற்றைக் கோடு விழுந்தது. மற்ற ஐந்தில் முதல் கோடு விழுந்தது. அப்புறம், தூரத்தில் மேடேறி வருகிற பஸ்ஸின் விளக்கு மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவது. ஐந்திலும்.

எட்வின் மேசையை ஓங்கித் தட்டினான். ஆபீஸ் அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். அசீனா போனில், "ஏத்துங்க. அதே மருந்துதான். ஒம்பது பேருக்கும்" என்றாள். போனை வைத்துவிட்டு சமுத்திரத்தின் முன் வந்து நின்றாள். அவர் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நா வாரேன் தாயி. தண்ணி வந்திருக்கும்."

தெருமுனையில் பால்ச்சாமி தலையில் குடத்தோடு, வெள்ளைத் துணிப் பந்தலுக்குக் கீழே வந்துகொண்டிருந்தார். சமுத்திரம் புல்லட்டை நிறுத்தினார்.

"என்னாச்சு?"

"கெடச்சிருச்சு மச்சான். பிள்ளைகளுக்கு மருந்து ஏறுது."

பால்ச்சாமி குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார். "ஏலே, சோறு திங்கலயா நீங்க? தேருக்கு அடிக்கிற மாதிரி அடிங்க. எந் தங்கச்சி சாவு பிளவக்கல் வரைக்கும் கேக்கணும்."

அடி இடியாக இறங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். அந்தத் தெருவில் அப்படியொரு குலவையை யாரும் கேட்டதில்லை. எதிரே வந்த டவுன் பஸ், ஹாரன் அடிக்காமல் ஓரமாக நின்று வழிவிட்டது.

குளிப்பாட்டி, கூறைச்சேலை உடுத்தி, வாய்க்கரிசிக்கு முதலில் சமுத்திரத்தைக் கூப்பிட்டார்கள். அவர் அரிசி இருந்த சுளகில் கை வைத்தார். ஃப்ரீசர் இரும்பில் பட்ட விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போயிருந்தன. எவ்வளவு அள்ளினோம் என்று தெரியவில்லை. குனிந்து அவள் உதட்டில் அரிசியை வைத்தார். விரல்களை அங்கேயே கொஞ்சம் வைத்திருந்தார்.

அவள் உடம்பு சில்லிட்டிருந்தது அந்த விரல்களுக்குத் தெரியவில்லை.